முதுகில் ஒளித்த முள்ளங்கி

"எந்தத் திருட்டு மூஞ்சி என் காய்கறியை எடுத்தது? பண்டிகை நாளும் அதுவுமா கூடையைக் காலி பண்ணின அந்தக் கை விளங்குமா?"

கூராயி போட்ட சத்தத்தில் வளையின் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது.

கூராயி ஒரு முள்ளம்பன்றி. கரட்டு மலை அடிவாரத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த பெரிய வளைக்கு அவள்தான் மூத்த மருமகள். அன்று முதல் மழைத் திருநாள். காட்டின் நாலா பக்கத்திலிருந்தும் சொந்தமெல்லாம் நனைந்துகொண்டே வந்து இறங்கியிருந்தது.

அடுப்போரம் கூடை கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் பூசணித் தோலும் கீரைத் தண்டும்தான் மிச்சம்.

"எலி ஏதாவது வந்திருக்குமோ?" என்று கேட்டார் மாமனார் கொம்பையா.

"எலியா? நம்ம வளைக்குள்ள நுழைய எலிக்கு அவ்வளவு துணிச்சலா மாமா? இது வீட்டு ஆள் வேலை!"

அது மட்டும் சத்தியமான வார்த்தை. எடுத்ததே கூராயிதான்!

ஏன் எடுத்தாள்? எல்லாம் வயிற்றெரிச்சல். அந்த வளையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மழைத் திருநாளில், வெளியிலிருந்து வந்தவர் கையால்தான் முதல் பானை அடுப்பில் ஏற வேண்டும். ஆண்டுதோறும் ஆற்றங்கரையிலிருந்து வருவாள் இளைய மருமகள் செங்காணி. கூடையில் இருப்பதைப் போட்டுக் காய்கறி சூப் ஒன்று வைப்பாள். குடித்த வாயெல்லாம், "செங்காணி கைமணமே தனி!" என்று சப்புக்கொட்டும். அடுத்த மழை வரைக்கும் அதே பேச்சுதான்.

அன்றாடம் ஆக்கிப் போடுகிற கூராயிக்கு என்ன கிடைக்கும்? "இன்னிக்கு உப்பு தூக்கல்!" அவ்வளவுதான்.

அந்தக் காய் எப்படி வருகிறது என்று யாருக்காவது தெரியுமா? காட்டுப்பன்றியிடம் பேரம் பேசி வாங்குபவள் அவள். தன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களைத்தான் விலையாகக் கொடுப்பாள். பன்றிக்குப் பல் குத்த அதைவிட்டால் வேறு கதியில்லை.

"ஒரு முள்ளங்கிக்கு ஒரு முள்!" என்றது பன்றி இந்தத் தடவை.

"இந்த வாடல் முள்ளங்கிக்கா? போய் வேலிக்குச்சியால பல்லைக் குத்திக்கோ!" என்று திரும்பி நடந்தாள் கூராயி.

பன்றி பின்னாலேயே ஓடிவந்தது. "கோவிச்சுக்காதே தாயே! தக்காளியும் சேர்த்து எடுத்துக்கோ!"

பேரம் என்றால் அதுதான் பேரம்! திரும்பி நடக்கத் தெரியாதவர் சந்தைப் பக்கமே போகக்கூடாது.

"வெயிலில் நின்று வாங்குவது நான். வந்து கிண்டிவிட்டுப் பேர் வாங்குவது அவளா?" என்று கூராயியின் வயிறு எரிந்தது. அடுப்பே வேண்டாம், அந்த வயிற்றின் மேல் ஒரு பானையை வைத்திருக்கலாம்.

ஆகவே திட்டம் போட்டாள். காய் இல்லாமல் செங்காணி வெறும் வெந்நீரை வைத்து அவமானப்படட்டும். பிறகு காயைக் 'கண்டுபிடித்து', தானே ஒரு விருந்து வைத்துவிடலாம். ஆனால் எங்கே ஒளிப்பது? எந்தப் பொந்தில் வைத்தாலும் குட்டிகள் மோப்பம் பிடித்துவிடும். யாரும் கிட்டே வராத இடம் ஒன்றே ஒன்றுதான். முள்ளம்பன்றியின் முதுகு! படிந்து கிடந்த முட்களுக்கு இடையே முள்ளங்கி, தக்காளி, அவரைக்காய் எல்லாவற்றையும் செருகினாள். மேலே ஒரு தேக்கிலையைப் போர்த்திக்கொண்டாள்.

"என்ன அக்கா, போர்வை?" என்று கேட்டாள் செங்காணி.

"குளிர் காய்ச்சல்! நீ உன் வேலையைப் பாரு. காய் இல்லாம என்ன பண்ணப் போறே?"

"இருக்கிறதை வச்சு ஏதாவது பண்ணிடலாம் அக்கா."

செங்காணி பூசணித் தோலைத் தணலில் போட்டு ஓரம் கருகச் சுட்டாள். கீரைத் தண்டைக் கல்லில் வைத்து நசுக்கினாள். வளை வாசலில் முளைத்திருந்த புளியாரை இலையைக் கிள்ளி வந்து புளிப்புக்குப் போட்டாள். காட்டு மிளகைத் தட்டிப்போட்டாள். உப்புக்கல்லைப் பானைக்குள் ஒரு முக்கு முக்கி எடுத்தாள்.

வாசனை கிளம்பியது! சொந்தமெல்லாம் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தது.

"நீங்கதான் மூத்தவங்க. ருசி பாருங்க அக்கா," என்று அகப்பையை நீட்டினாள் செங்காணி.

பானையை ஒட்டி நின்று கூராயி ஒரு வாய் குடித்தாள். பாழாய்ப்போன சூப், நன்றாகத்தான் இருந்தது!

"ஹூம்! கழுநீருக்கு இது பரவாயில்லை," என்றாள்.

கொம்பையா அகப்பையை வாங்கி உறிஞ்சினார். "அடேயப்பா! தோலுக்கே இந்த ருசின்னா, காய் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்! கை என்றால் செங்காணி கைதான். இந்த வளையில இப்படி ஒரு சூப்பு யாரு வச்சிருக்கா?"

அவ்வளவுதான். கூராயியின் முட்கள் சிலிர்த்து நிமிர்ந்தன!

தேக்கிலை பறந்தது. முள்ளங்கி தொபுக்கென்று பானைக்குள் விழுந்தது. தக்காளிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குதித்தன. அவரைக்காய் ஒன்று கொம்பையாவின் மூக்கில் பட்டுத் தெறித்தது.

"ஐயோ, பெரியம்மா முதுகுல காய் காய்க்குது!" என்று கத்தியது ஒரு குட்டி.

வளையே கொல்லென்று சிரித்தது. கொம்பையா மூக்கைத் தடவிக்கொண்டார். "எடுத்த கை விளங்குமான்னு கேட்டியே மருமகளே, இப்ப நீயே சொல்லு!"

கூராயி தலையைக் குனிந்தாள். செங்காணி மட்டும் சிரிக்கவில்லை. பானையைக் கிண்டி, வெந்துபோன தக்காளியை நசுக்கி, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள்.

"இப்பத்தான் இது சூப்பு," என்றாள். "இந்த மாதிரி தக்காளி எங்க ஆத்தங்கரையில மருந்துக்குக் கூடக் கிடைக்காது. யாரு மாமா வாங்கினது?"

"காயா?" கொம்பையா விழித்தார். "அது எப்பவும் கூடையில இருக்குமே!"

கூராயி நிமிர்ந்தாள். மாமனார் கையிலிருந்த அகப்பையை வெடுக்கென்று வாங்கினாள்.

"ஆமா, நான்தான் எடுத்தேன். பொறாமையிலதான் எடுத்தேன். எடுத்த கையாலேயே தர்றேன். இந்தா செங்காணி, முதல் அகப்பை உனக்கு!" என்று செங்காணியின் சிரட்டை நிறைய ஊற்றினாள். "குடிடி. நல்லாத்தான் வச்சிருக்கே."

அடுத்து கொம்பையாவின் சிரட்டை நீண்டது. கூராயி அகப்பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"பொறுங்க! என் திருட்டு வெளியே வந்தாச்சு. இத்தனை மழையா நான் நடந்த நடையையும் பேசின பேரத்தையும் 'கூடையில இருக்கும்'னு விழுங்கினது யாரு? அவங்க வாயைத் திறந்து என் பேரைச் சொல்லட்டும். அதுவரைக்கும் ரெண்டாவது அகப்பை பானையை விட்டு வெளியே வராது!"

நீட்டிய சிரட்டை நீட்டியபடியே நின்றது. பானையில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாக் கண்களும் கொம்பையாவின் வாயையே பார்த்தன.

பொறாமையை எங்கே ஒளித்தாலும் அது தானே சிலிர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உழைத்தவருடைய பேரை ஒளித்து வைத்திருப்பவர் யாரோ, அவர்தான் அதைத் தம் கையால் எடுத்துத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்!