அஞ்சு கூப்பிட்டா ரெண்டு வரணும்

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் நாளைக்கு நான் கடிக்கிற பணியாரம் கல்லாப் போகட்டும். எனக்கு இருக்கிற பல்லே கொஞ்சம், பாத்துக்கோங்க.

அந்தக் காலத்துல எண்ணுங்கெல்லாம் பேசும், சண்டை போடும், கூலி வேலைக்கும் போகும். சீனியம்மான்னு ஒரு செங்கச் சூளைக்காரி. பூச்சியத்துல இருந்து ஒம்பது வரைக்கும் அவகிட்டதான் வேலை. குவியல்ல கல்லு எத்தனையோ, அந்த எண்ணா வரிசை கட்டி நிக்கணும். கடைசியில நிக்கிற ஆளு, சுடாத பச்சைக் கல்லு நனையாம பாயையும் பிடிச்சுக்கணும்.

ஒரு நாளு நாலு குவியலுக்கு ரெண்டு, மூணு, ஏழு, எட்டு கடைசி ஆளு. பேய்க்காத்து, பேய்மழை. மூணும் ஏழும் எட்டும் பாயை விட்டுட்டு ஒரே ஓட்டம். ரெண்டு அசையல. அந்த நேரம் பாத்துத் தொப்பைக்கார அஞ்சு வழுக்கி மண்ணுக்குழியில விழுந்தான்.

"ஐயோ, முங்குறேன்டா!"

ரெண்டு பாயை விட்டுட்டுக் குதிச்சு அவனை இழுத்துப் போட்டான். நாலு குவியலும் சேறாப் போச்சு.

சீனியம்மா கோவத்துல ஆடிட்டா. "இனிமே எத்தனை வரிசையோ, வரிசைக்கும் அத்தனை கல்லு. அப்படிச் சதுரமா அடுக்கினா நீங்க நாலு பேரும் கடைசியில வரவே மாட்டீங்க. சூளைப் பக்கம் தலை காட்டுனா காலை ஒடிப்பேன்!"

"அக்கா, அவன் என்னையக் காப்பாத்தத்தான்..."

"நீ வாய மூடுடா, தொப்பை!"

மறுநாளு இருபத்தஞ்சு வரிசை, வரிசைக்கு இருபத்தஞ்சு கல்லு, மொத்தம் அறுநூத்தி இருபத்தஞ்சு. ஆறு முன்னால வந்தான். கடைசியில நிக்க வேண்டிய அஞ்சு தரையில சம்மணம் போட்டுட்டான்.

"ரெண்டு பக்கத்துல நின்னாத்தான் நான் எந்திரிப்பேன்."

"போடா! நடுவுல ரெண்டுக்குப் பதிலா ஒண்ணை நிறுத்துறேன்." நிறுத்தினா. அறுநூத்திப் பதினஞ்சு. பத்துக் கல்லு மிச்சம். நாலை நிறுத்தினா, இருபது கல்லு குறையுது. வண்டிக்காரன் வேற, "என்னக்கா, இன்னைக்கு ஏத்தவா, நாளைக்கா?"ன்னு இளிக்கிறான்.

"அடுக்கையே மாத்துறேன்டா!"ன்னு முப்பத்தஞ்சு வரிசை போட்டா. ஆயிரத்து எரநூத்தி இருபத்தஞ்சு. ரெண்டு இப்ப ரெண்டு தடவை வேணும்!

அஞ்சு விழுந்து விழுந்து சிரிச்சான். "போடுக்கா, போடு. எத்தனை சதுரம் வேணாப் போடு. நான் கடைசியில நின்னா எனக்கு முன்னால அவன்தான்."

சீனியம்மாவுக்கே சிரிப்பு வந்துருச்சு. "தோத்தேன்டா. கூட்டிட்டு வா அவனை. ஓடிப்போன மூணு பேரும் முன்னால எங்கயாச்சும் நிக்கட்டும். கடைசி எடம் மட்டும் நாலு பேருக்குமே கிடையாது!"

ரெண்டைத் தோள்ல தூக்கிட்டு அஞ்சு ஆடுன ஆட்டத்துல சூளையே குலுங்குச்சு.

அன்னையில இருந்துதான், எந்தச் சதுர எண்ணும் ரெண்டு, மூணு, ஏழு, எட்டுல முடியாது. அஞ்சுல முடிஞ்சா மட்டும் அதுக்கு முன்னால ரெண்டு நெஞ்ச நிமித்திட்டு நிக்கும்.

சரி, கதைக்கூலி எங்க? அஞ்சு முறுக்க நீட்டாதீங்கப்பா, ரெண்டு கோவிச்சுக்குவான். இருபத்தஞ்சா எடுங்க!