சுட்டி சொல்லாத வலி

அந்தக் காலத்தில், ஆடும் ஓநாயும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த நாளில், செம்மறியைப் போல ஊரைக் கூட்டுகிற பிராணி வேறு கிடையாது. காலில் ஒரு நெருஞ்சி முள் குத்தினால் போதும், உயிரே போகிற மாதிரி கத்தும். ஒன்று கத்தினால் மந்தையே சேர்ந்து கத்தும். ஆடு மேய்க்கும் கீதாரி சேவுகன் குடிக்கிற கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு ஓடுவான். எந்த ஆட்டுக்கு எங்கே வலி என்று அவனாகத் தேடிப் பார்த்ததே இல்லை. காதால் கேட்டே பழகிப்போனவன்.

அந்த மந்தையில் நெற்றியில் வெள்ளைப் புள்ளியோடு ஒரு தாயாடு இருந்தது. பெயர் சுட்டி. அது முதல் குட்டி போட்ட வருஷம் பார்த்து மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்து வந்தால்தான் மந்தை பிழைக்கும். சேவுகன் இளங்குட்டிகளைக் குடாப்புக்குள் விட்டான். குடாப்பு என்றால் பனையோலையில் முடைந்த பெரிய கூடை. குட்டிகளின் மேல் கவிழ்த்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

"தாயிகளா, ஓநாய் இந்தப் பக்கந்தான் திரியுது. நீங்க கத்தினா உள்ள இருக்கிற குட்டியும் பதிலுக்குக் கத்தும். எடம் தெரிஞ்சுபோகும். என்ன வலிச்சாலும், நான் வந்து வலிக்குதான்னு கேக்குற வரைக்கும் வாயைத் திறக்கப்படாது. சத்தியம் பண்ணுங்க."

செம்மறிகள் முன்னங்காலால் மண்ணைத் தட்டிச் சத்தியம் செய்தன. மந்தையோடு திரிந்த வெள்ளாடு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நம்மால ஆகாது அப்பு. வலிச்சா கத்தத்தான் செய்வேன்."

இதை விட்டுவிட்டுப் போனால் வம்பு என்று சேவுகன் அதைக் கயிற்றில் கட்டித் தன்னோடு இழுத்துக்கொண்டு போனான்.

பொழுது சாயும் நேரத்தில் ஓநாய் வந்தது. எலும்பும் தோலுமாக நின்ற பெரிய ஆடுகள் அதற்கு வேண்டாம். குட்டிக் கறிக்குத்தான் அது நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. சுட்டியைச் சுற்றி வந்து முகர்ந்தது.

"மடி கனத்திருக்கே. குட்டி எங்கே?"

சுட்டி பேசவில்லை. ஓநாய் அதன் பின்தொடையைக் கவ்வியது. "ஒரே ஒரு தடவை கத்து. விட்டுடறேன்."

பல் எலும்பு வரைக்கும் இறங்கியது. கத்தல் தொண்டைக்கே வந்துவிட்டது. பக்கத்திலேயே குடாப்பு. மந்தை வாடையில் ஓநாய்க்குப் பிடிபடாத தன் குட்டியின் வாசனை உள்ளேயிருந்து சுட்டிக்கு மட்டும் வந்தது. வந்த கத்தலை அப்படியே விழுங்கிக்கொண்டது.

"என்ன ஆடு இது! வலிக்கவே இல்லையா உனக்கு?" என்று ஓநாயே திகைத்துப்போனது. அதற்குள் கரைமேல் சேவுகன் வருகிற சத்தம் கேட்டு ஓடி மறைந்தது.

"தண்ணி கெடைச்சிருச்சு, தாயிகளா!" சேவுகனுக்குத் தலைகால் புரியவில்லை. குடாப்பைத் தூக்கிப் பார்த்தான். குட்டிகள் முழுசாக இருந்தன. கேட்கவேண்டிய ஒன்றை மட்டும் கேட்க மறந்தான். கத்தல் இல்லை, அப்படியென்றால் வலியும் இல்லை என்று இருந்துவிட்டான், பாவி.

அப்போதே மந்தையைக் கிளப்பினான். சுட்டி பின்தங்கியது. ரத்தம் ரோமத்துக்குள்ளேயே உறைந்துபோனதால் வெளியே தெரியவில்லை. "என்ன ஆத்தா, நடை மறந்துபோச்சா?" என்று கம்பால் தட்டினான். சுட்டி நின்று அவன் முகத்தைப் பார்த்தது. இப்போது கேட்பான் என்று நினைத்தது. அவன் முன்னால் போய்விட்டான்.

ஊருணிக் கரையில் ஆடுகளெல்லாம் வயிறு முட்டக் குடித்தன. சுட்டி குட்டிக்குப் பால் கொடுத்தது. பிறகு படுத்தது.

விடிந்தபோது குட்டி ஆறிப்போன மடியை முட்டிக்கொண்டிருந்தது. சேவுகன் ஓடிவந்து ரோமத்தை விலக்கிப் பார்த்தான். "அய்யோ, இதையும் வச்சுக்கிட்டா இம்புட்டுத் தூரம் நடந்தே? ஏன் தாயி சொல்லல?"

பதில் சொன்னது வெள்ளாடுதான். "நீ கேக்கலையே அப்பு."

சேவுகன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பிறகு ஒவ்வொரு செம்மறியாகக் கட்டிக்கொண்டு, "இப்பக் கேக்குறேன். வலிக்குதா? வலிச்சாக் கத்துங்க" என்று கெஞ்சினான். மந்தையின் மூத்த ஆடு சுட்டியைத் திரும்பிப் பார்த்தது.

"மொதல்ல அவகிட்டக் கேளு. அவ சொல்லி முடிக்கட்டும். அப்புறம் நாங்க சொல்றோம்."

சேவுகன் சுட்டியின் காதோரம் குனிந்து கேட்டான். வெயில் ஏறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான்.

அன்று முதல்தான் செம்மறி என்ன வலித்தாலும் வாய் திறப்பதில்லை, மேய்க்கிறவர்களும் பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றின் ரோமத்துக்குள்ளும் கைவிட்டுத் தடவி, பதில் வராது என்று தெரிந்தே, "வலிக்குதா தாயி?" என்று கேட்கிறார்கள்.