கொக்குக்கு ஆலோசனை சொன்ன கெளுத்தி

மலையடிவாரக் குளத்தில் தும்பையன் என்ற கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. தலை குனிந்திருந்தது. கண் அசையவில்லை.

தூரத்தில் போகிறவர்கள் பார்த்து, "அடடா, மீன் பிடிப்பதில் என்ன கவனம்!" என்று மெச்சிக்கொண்டு போனார்கள்.

உண்மை என்னவென்று மீன்களுக்குத் தெரியும். தூக்கிய காலில் தும்பையன் போன் வைத்திருந்தது!

காட்டுக்கு டவர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எல்லோர் கையிலும், காலிலும், துடுப்பிலும் போன். மீன்களுக்குத் தண்ணீர் புகாத போன். தும்பையன் நின்ற பாறை ஓரத்தில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அதனால் விடிந்ததும் அங்கே வந்து நின்றுவிடும், இருட்டும்வரை நகராது.

அப்படி என்னதான் பார்த்தது? வேறு கொக்குகள் மீன் பிடிக்கும் வீடியோ! "பத்து நொடியில் பத்து மீன்!", "இந்தக் கொக்கு செய்ததைப் பார்த்தால் அசந்துபோவீர்கள்!" ஒன்று முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் இன்னொன்று.

கீழே நிஜ மீன்கள் அதன் காலைச் சுற்றி ஓடிப் பிடித்து விளையாடின. ஒரு வாண்டுக் கெண்டை, நண்பர்களிடம் சவால் விட்டு, கொக்கின் கால்விரலைக் கடித்துவிட்டே வந்தது. தும்பையன் காலை உதறக்கூட இல்லை.

ஒருநாள் அதன் மனைவி பாலம்மா பறந்து வந்து பாறைமேல் இறங்கியது. மூச்சு வாங்கியது.

"ஏங்க, மூணு பிள்ளைங்க கூட்டுல வாயைத் திறந்துகிட்டு கிடக்குது. நான் ஒருத்தியே அடுத்த ஊர் வயலுக்கும் இங்கேயும் அலையுறேன். நீங்க என்ன பண்றீங்க?"

"தொழில் கத்துக்கிறேன், பாலம்மா."

"மூணு மாசமாவா? இன்னும் எட்டு நாள் பார்ப்பேன். அப்புறம் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க அம்மா ஏரிக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க போனும் குடும்பம் நடத்துங்க!"

பாலம்மா போய்விட்டது.  உடனே தும்பையன் போனில் காட்டுக் குழுவுக்கு எழுதியது. எழுதும்போது வாய்விட்டுப் படிப்பது அதன் பழக்கம்.

"போன் பைத்தியத்தை விட நினைக்கிறேன். நல்ல ஆலோசகர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஆன்லைனில் இருந்தால் நல்லது."

பாறையடியில் இருந்த மீன்களுக்கு அது தெளிவாகக் கேட்டது. அன்று மாலையே குளத்தின் தலைவர் விராலய்யா கூட்டம் போட்டார்.

"கொக்கு திருந்தப் போகுதாம்! திருந்தினா நம்ம கதி என்ன?"

"செத்தோம்!" என்றன கெண்டைகள்.

அப்போது மீசையாண்டி என்ற கெளுத்தி முன்னால் வந்தது. நீளமான மீசை வைத்திருந்ததால் தான் பெரிய அறிவாளி என்ற நினைப்பு அதற்கு. குளத்தில் யாரைப் பார்த்தாலும் அறிவுரை சொல்லும். அதனால் அதைப் பார்த்தாலே எல்லோரும் பாசிக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

"அய்யா, கவலையை விடுங்க. நானே ஆலோசகர் ஆயிடுறேன்!"

"நீயா? அதைத் திருத்தவா?"

"திருத்தாம இருக்க! என் அறிவுரையைக் கேட்டு இதுவரை யாராவது திருந்தியிருக்காங்களா?"

விராலய்யா யோசித்தார். ஒருத்தர் பெயர்கூட நினைவுக்கு வரவில்லை.

"சரி, ஆரம்பி!" என்றார்.

"டாக்டர் ஆழ்நீர். மனநல ஆலோசனை. நேரில் வர வேண்டாம், முகம் காட்ட வேண்டாம்." இப்படி ஒரு விளம்பரம் தும்பையனின் போனில் வந்து விழுந்தது. போனைக் கீழே வைக்காமலே போன் பைத்தியத்துக்கு வைத்தியம்! தும்பையனுக்குப் பரம திருப்தி.

பாலம்மா மட்டும், "கள்ளுக்கடையிலேயே உட்கார்ந்து குடியை விடுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் பறந்தது.

முதல் நாள். சிக்னலுக்காக மீசையாண்டி பாறையடி வேருக்குள் வந்து படுத்துக்கொண்டு எழுதியது.

"உனக்கு வெட்கமாக இல்லையா? நீயெல்லாம் ஒரு அப்பனா?"

தும்பையன் கூனிக் குறுகிப்போனது. அந்த வெட்கத்தை மறக்க ஒரு வீடியோ பார்த்தது. மறக்கவில்லை. இன்னொன்று பார்த்தது. இருட்டும்வரை பார்த்தது.

இரண்டாம் நாள் மீசையாண்டி பயமுறுத்தியது. "இப்படியே போனால் கண் அவிந்துவிடும்! கழுத்து கோணிக்கொள்ளும்! அலகு வளைந்துவிடும்!"

தும்பையன் நடுங்கிவிட்டது. "அலகு வளைந்தால் என்ன செய்வது?" என்று போனில் தேடியது. நாற்பது வீடியோ வந்தன. நாற்பதையும் பார்த்தது.

மூன்றாம் நாள் கட்டளை. "இந்த நிமிடமே எல்லாவற்றையும் அழித்துவிடு!"

"நாளைக்குக் கண்டிப்பாக, டாக்டர்" என்று பதில் எழுதிவிட்டு, தும்பையன் புதிதாக மூன்று சேனல்களில் சேர்ந்தது.

குளம் கொண்டாடியது. கெண்டைகள் மீசையாண்டிக்கு ஜே போட்டன. விராலய்யா முதுகில் தட்டினார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் அறிவுரை பலித்ததை நினைத்து மீசையாண்டி மிதப்பில் மிதந்தது.

நான்காம் நாள்தான் சிக்கல் வந்தது. சொல்வதற்கு அறிவுரை தீர்ந்துவிட்டது! எவ்வளவு யோசித்தும் புதிதாக ஒன்றும் வரவில்லை. நேரத்தைக் கடத்த, மீசையாண்டி சும்மா ஒரு கேள்வியைத் தட்டிவிட்டது.

"இதை விடவேண்டும் என்ற ஆசை உனக்குப் பத்துக்கு எத்தனை?"

பூஜ்ஜியம் என்று வரும், விராலய்யாவிடம் காட்டிச் சிரிக்கலாம் என்று நினைத்தது.

"மூன்று" என்று வந்தது.

மீசையாண்டிக்கு ஆச்சரியம். "ஏன் மூன்று? ஏன் பூஜ்ஜியம் இல்லை?"

பாறைமேல் ஓடிக்கொண்டிருந்த வீடியோ நின்றது. பிறகு தும்பையன் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக்கொண்டே எழுதியது.

"நேற்று இரவு கூட்டில் படுத்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன், டாக்டர். திரையில் ஒரு மீன் துள்ளியது. என் கடைக்குட்டி அதை நிஜ மீன் என்று நினைத்து வந்து கண்ணாடியைக் கொத்தியது. மறுபடி மறுபடி கொத்தியது. அப்புறம் என் முகத்தைப் பார்த்தது."

'அதெல்லாம் ஒன்றுமில்லை, அடுத்த வீடியோவைப் பார்' என்றுதான் மீசையாண்டி எழுதியிருக்க வேண்டும். ஆனால் அதனிடம் இதுவரை யாரும் மனசைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லோரும் ஓடித்தானே போவார்கள்! அதற்கு நெஞ்சுக்குள் என்னமோ செய்தது. கதை கேட்கும் ஆசையும் வந்துவிட்டது.

"அப்புறம்?" என்று எழுதியது.

அன்று ஆரம்பித்த 'அப்புறம்' நிற்கவே இல்லை. போன் வருவதற்கு முன்னால் காலையில் என்ன செய்வாய்? பாலம்மா உன்னை எப்படிக் கட்டிக்கொண்டது? இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் கூட்டில் யார் இருப்பார்கள்? மீசையாண்டி கேட்கும், தும்பையன் சொல்லும். பதில் எழுதி முடித்ததும், தான் எழுதியதைத் தானே ஒருமுறை படித்துப் பார்க்கும். அந்த நேரத்தில் வீடியோ ஓடாது.

ஆறாம் நாள் விராலய்யாவுக்குச் சந்தேகம் வந்தது.

"என்னய்யா, திட்டுறதை விட்டுட்டுக் கதை கேட்டுக்கிட்டிருக்கே?"

"அய்யா, பயப்படாதீங்க! ஒரு அறிவுரைகூடச் சொல்லல. சும்மா கேள்விதான் கேக்குறேன். கேள்வி கேட்டு எவனாவது திருந்துவானா?"

"எனக்கென்னமோ சரியாப் படல" என்றார் விராலய்யா.

எட்டாம் நாள் காலை. இன்றோடு பாலம்மா கொடுத்த தவணை முடிகிறது. மீசையாண்டி வழக்கம்போல வேருக்குள் படுத்துக்கொண்டு கேட்டது.

"இப்போது எத்தனை?"

"எட்டு, டாக்டர்! விடியற்காலையில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நேற்றுக் கேட்டீர்களே, இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் ஒரு சுழிப்பைப் பார்த்தே கெண்டையா கெளுத்தியா என்று சொல்லிவிடுவேன்."

மீசையாண்டியின் முதுகுமுள் சில்லிட்டது. "கெளுத்தியா?"

"ஆமாம். கெளுத்தியின் ருசியே தனி. மீசையோடு விழுங்கினால் தொண்டையில் கிச்சுகிச்சு மூட்டும்."

மீசையாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. தான் செய்த காரியத்தின் முழு விவரமும் ஒரே நொடியில் விளங்கியது! பதறிப்போய்ப் பழைய மருந்தைக் கையிலெடுத்தது. அவசர அவசரமாக எழுதியது.

"வெட்கங்கெட்டவனே! போனைத் தொடாதே! நீ உருப்படவே மாட்டாய்!"

தும்பையன் படித்துவிட்டுச் சிரித்தது.

"சிரமப்படாதீர்கள், டாக்டர். நீங்கள் திட்டித்தான் நான் விடவேண்டும் என்றில்லை. நானே முடிவு பண்ணிவிட்டேன்."

"எப்போதிலிருந்து?"

"இதோ, இப்போதிலிருந்து!"

தும்பையன் போனை அணைத்துப் பாறை இடுக்கில் சொருகியது. மூன்று மாதத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தண்ணீரைக் குனிந்து பார்த்தது. தன் கால் பக்கத்திலேயே, வேருக்குள், சின்னதாக ஒரு வெளிச்சம் மினுங்கியது. வெளிச்சத்துக்குப் பின்னால் இரண்டு நீள மீசை.

சரேலென்று அலகு இறங்கியது!

ஆனால் மூன்று மாதமாகப் பழக்கம் விட்டுப்போயிருந்ததே! குறி ஒரு விரல்கடை தப்பியது. மீசையாண்டியின் இடது மீசை மட்டும் அலகில் சிக்கி அறுந்தது. கெளுத்தி போனைப் போட்டுவிட்டு அலறியடித்துக்கொண்டு சேற்றுக்குள் பாய்ந்தது.

"என்னய்யா அங்கே சத்தம்?" என்று அதட்டிக்கொண்டே விராலய்யா தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டினார்.

இரண்டாவது முறை தும்பையனின் குறி தப்பவில்லை.

கூட்டில் அன்று ஒரே கூச்சல். அம்மா வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்ற பாலம்மா, வாயில் விராலோடு வந்த கணவனைப் பார்த்தது. நகர்ந்து இடம் விட்டது. மூன்று குஞ்சுகளும் மேலே விழுந்து விராலைப் பிய்த்தன. கடைக்குட்டி தின்றுகொண்டே தூங்கிப்போனது.

மறுநாள் மீசையாண்டி பயந்து பயந்து வெளியே வந்து, சேற்றில் கிடந்த போனைத் தேடி எடுத்தது. தும்பையனின் கடைசிச் செய்தி காத்திருந்தது.

"டாக்டர், நன்றி சொல்ல மட்டும் போனைத் திறந்தேன். என் குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள். நேற்று ஒரு கெளுத்தி மட்டும் தப்பிவிட்டது. பரவாயில்லை, இன்று பார்த்துக்கொள்கிறேன். உங்களைப் பற்றி உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்."

அதற்குக் கீழே பதினேழு கொக்குகள், நான்கு மீன்கொத்திகள், ஒரு நீர்நாய் ஆலோசனைக்குப் பெயர் கொடுத்திருந்தன!

மீசையாண்டி போனைச் சேற்றில் ஆழமாகப் புதைத்து, மேலே ஒரு கல்லையும் உருட்டி வைத்தது. கெண்டைகள் பழையபடி பாறையிலிருந்து தள்ளியே நீந்தப் பழகின. வைத்தியம் பலித்த பிறகு நோயாளியைக் கண்டால் ஓடி ஒளிகிற டாக்டர் உலகத்திலேயே மீசையாண்டி ஒன்றுதான்.

திட்டியும் மிரட்டியும் திருத்த முடியாதவர்கூட, பொறுமையாகக் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால், தான் திருந்த வேண்டிய காரணத்தைத் தானே கண்டுபிடித்துத் திருந்திவிடுவார்.