பன்னிரண்டாம் தேதிப் பொட்டலம்

கதை முடியும்போது உங்களிடம் ஒன்று கேட்பேன். விடை கதைக்குள்ளேயே இருக்கிறது. எட்டாவதைத் தாண்டாத எனக்கே அது கிடைத்தது. உங்களுக்குக் கிடைக்காமல் போகாது.

என் பெயர் கோட்டைச்சாமி. ஒரு பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளன். செய்முறைத் தேர்வு அன்று ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் உப்புப் பொட்டலம் கொடுப்போம். அது என்ன உப்பு என்று அவர் சோதித்துச் சொல்ல வேண்டும். பொட்டலத்தின் மேல் பேராசிரியர் கையெழுத்து இருக்கும். வராதவரின் பொட்டலத்தை அன்று மாலையே பிரித்துக் கொட்டிவிடச் சொல்வார்கள். கொட்டிவிட்டால் அவருக்கு அந்த ஆண்டு வீண். பிரியாமல் இருந்தால் மட்டுமே மறுதேர்வு கேட்க முடியும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. ஆண்டுக்கு ஒரு பண்டிகையை ஜூன் மாதமே அலுவலகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பண்டிகை அன்று அவர்களுக்குத் தேர்வு கிடையாது.

பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர் சூப்பிரண்டு தணிகாசலம். அவரை நான் மறக்க மாட்டேன். பல வருடங்களுக்கு முன் நானும் அந்த அலுவலகத்தில்தான் இருந்தேன். ஒரு வருடம் பொங்கல் பதினான்காம் தேதி என்று பல்கலைக்கழக நாட்காட்டியில் அச்சாகிவிட்டது. தை பிறந்ததோ பதினைந்தாம் தேதி. விடுமுறையை மாற்றி அவர் போட்ட அறிக்கையை இருபத்திரண்டு பலகைகளில் ஒட்டினேன். கடைசிப் பலகைக்கு ஒரு மணி நேரம் தாமதம். அதற்கு ஒரு மெமோ கொடுத்து, என்னை ஆய்வகத்துக்குத் தள்ளினார். அந்த மெமோ என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

இப்போது ஹிருத் என்ற பெண்ணுக்கு வருகிறேன். எத்தியோப்பியாவிலிருந்து வந்து எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்தவள். போன வருடம் அவர்கள் புத்தாண்டு அன்றே தேர்வு வந்து, அழுதுகொண்டே எழுதினாள். இந்த வருடம் விடக்கூடாது என்று பதிவேட்டில் 'எத்தியோப்பியப் புத்தாண்டு, செப்டம்பர் 11' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

பேராசிரியை வசுமதி பதினொன்றாம் தேதி வைத்திருந்த தேர்வை, பதிவேட்டைப் பார்த்து அவளுக்காகவே பன்னிரண்டுக்கு மாற்றினார்.

ஆகஸ்டில் ஹிருத்தின் அம்மா தொலைபேசியில் பேசினார். அவர்களுக்குப் பதின்மூன்று மாதம். கடைசி மாதத்துக்கு ஐந்தே நாள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஆறு நாள். இது அந்த ஆறு நாள் வருடம். புத்தாண்டு பன்னிரண்டாம் தேதி! ஊரை விட்டு வந்த பிள்ளை மறந்தே போயிருக்கிறாள்.

அன்றே கடிதம் எழுதிக்கொண்டு தணிகாசலத்திடம் ஓடினாள். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"கையெழுத்து யாரோடது?"

"என்னுது சார்."

"அப்புறம் என்ன? ஆளாளுக்கு நாள் மாத்தினா, நான் என்ன இங்க கிளி ஜோசியமா பார்க்கிறேன்?"

பேராசிரியை கோபிக்கவில்லை. "உனக்காக ஒரு தடவை மாத்தியாச்சும்மா. நாற்பது பேரை மறுபடி எப்படி அலையவிடுவேன்?" என்றார்.

பதினொன்றாம் தேதி ஹிருத் விடுப்பு எடுக்கவில்லை. வகுப்புக்கு வந்து வருகையில் கையெழுத்திட்டாள். மாலை என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நாளைக்கு நான் சர்ச்சுக்குப் போறேன். என் பொட்டலத்தைக் கொட்டாதீங்க."

"வருஷம் போயிடும்மா."

"ரெண்டு நாளும் கேக்கலையே அண்ணா. ஒரு நாள்தானே கேக்கிறேன்."

மறுநாள் அவள் வெள்ளை உடையில் வாசல் கடந்து போனதைப் பார்த்தேன். மாலை தணிகாசலமே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார்.

"கொட்டுய்யா அதை."

"கொட்ட மாட்டேன் சார்."

"இன்னொரு மெமோ வேணுமா?"

"குடுங்க. பெட்டியில இடம் இருக்கு."

பொட்டலத்தை மெமோவோடு பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு எல்லோரும் பல்கலைக்கழகப் பதிவாளர் அம்மா முன் நின்றோம். "பதினொன்று என்று எழுதியவள் அவள். எழுதியிருந்ததை நான் காத்தேன்" என்றார் தணிகாசலம். "பதிவேட்டை நம்பித்தான் தேர்வை மாற்றினேன்" என்றார் வசுமதி. "தேதியைத் தப்பா எழுதினேன். பண்டிகையைத் தப்பா எழுதல" என்றாள் ஹிருத். நான் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டையும் மேசைமேல் வைத்தேன்.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பொட்டலத்தைக் கொட்ட வேண்டுமா, ஹிருத் கையில் கொடுக்க வேண்டுமா? இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஹிருத் செய்தது சரி. சலுகை பண்டிகைக்கு, தேதி அதைத் தேடிப் போவதற்கான அடையாளம். அவள் தவறை முன்கூட்டியே சொன்னாள், பதினொன்றாம் தேதி வகுப்புக்கு வந்தாள், ஒரு நாளை இரண்டாக்கவில்லை. வசுமதி மேல் குற்றமில்லை. அவர் கண்ணில் பட்டது பதிவேடுதான். பதிவாளர் அம்மா மெமோவை உரக்கப் படித்தார்: 'பொங்கல் பதினைந்தாம் தேதிக்கு மாற்றப்பட்ட அறிக்கையைத் தாமதமாக ஒட்டியதற்காக.' கீழே தணிகாசலத்தின் கையெழுத்து. "தை தள்ளிப் பிறந்தா அறிக்கை. அவங்க வருஷம் தள்ளிப் பிறந்தா மட்டும் கிளி ஜோசியமா?" என்று கேட்டு, அந்த அம்மா மறுதேர்வு வைக்கச் சொன்னார். அடுத்த வியாழக்கிழமை நான் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, ஒன்றரை மணி நேரத்தில் உப்பின் பெயரைச் சொன்னாள் ஹிருத். வெளியே தணிகாசலம் என்னை நிறுத்தி, "அந்தப் பழைய மெமோவைக் குடுய்யா, கிழிச்சுடறேன்" என்றார். கொடுக்கவில்லை. நான்கு வருடம் கழித்து மறுபடி ஆறு நாள் வரும்.