சிலும்பன் தூக்கி வந்த பெரிய லென்ஸ்

செங்குளத்துக் கரையில் சிலும்பன் என்று ஒரு கீரி இருந்தான். அவனிடம் ஒரு கேமரா இருந்தது. காடு பார்க்க ஜீப்பில் வந்த யாரோ மறந்துவிட்டுப் போனது. அதை வைத்துக்கொண்டு தவளை, தட்டான், பொன்வண்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் படம் பிடித்துத் தள்ளினான். படங்கள் நன்றாகவே இருக்கும். ஆனால் அதை நாலு பேர் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு நாள் நீலாம்பாள் என்ற மீன்கொத்தி அவனைக் கூப்பிட்டாள். பக்கத்தில் வந்து அல்ல. எட்டாத கிளையில் உட்கார்ந்துகொண்டுதான்.

"சிலும்பா! என் பிள்ளைங்க நாலும் மீன் பிடிக்கப் பழகிட்டாங்க. நாளை மறுநாள் அவங்கள விரட்டிடுவோம்!"

மீன்கொத்திகளின் வழக்கம் அது. ஒரு கரையில் ஒரு குடும்பந்தான் பிழைக்க முடியும். அதனால் பழகிய பிள்ளைகளைப் பெற்றவர்களே துரத்திவிட வேண்டும். போன பிள்ளை எந்தக் குளத்தில் இருக்கிறது என்று பிறகு தெரியாது.

"நாளைக்குக் காலையில நாங்க ஆறு பேரும் கடைசியா ஒரே கிளையில உக்காருவோம். ஒரு படம் எடுத்துக் குடுப்பியா?" என்று கேட்டாள்.

"அக்கா, இதெல்லாம் கேக்கணுமா!" என்று சிலும்பன் ஆசையாக முன்னால் ஓடி வந்தான்.

"அங்கேயே நில்லு!" நீலாம்பாள் இன்னும் மேலே தாவினாள். "கோவிச்சுக்காதே. நீ நல்லவன்தான். ஆனா கீரியாச்சே! உங்க தாத்தா எங்க வளையில ஒரு முட்டைகூட விட்டு வச்சதில்ல. அந்த நாவல் மரத்தத் தாண்டி நீ ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது!"

சிலும்பனுக்கு முகம் சுண்டிப்போனது. தாத்தா தின்றதற்கு அவன் என்ன செய்வான்? இருந்தாலும் அவள் சொன்னதில் பொய் இல்லை.

"தாண்ட மாட்டேன் அக்கா! சத்தியம்!"

அப்படியென்றால் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸ் வேண்டும். அவன் நேராகக் கொம்பையாவிடம் போனான். கொம்பையா ஒரு கருங்குரங்கு. மனிதர்கள் விட்டுப் போன சாமான்களைச் சேர்த்து, மரப்பொந்தில் கடை போட்டு, கேட்பவர்களுக்கு இரவல் கொடுப்பவர்.

"மரத்துக்கும் கிளைக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் கொம்பையா.

"தூரந்தான் அண்ணாச்சி!"

"தூரம்னா? முப்பது அடியா, முந்நூறு அடியா?"

சிலும்பன் அளக்கவில்லை. அவன் கண் ஏற்கெனவே மூலைக்குப் போய்விட்டது. அங்கே சுரைக்காய் பருமனில் ஒரு லென்ஸ் கம்பீரமாகச் சாய்ந்திருந்தது.

"அது!" என்றான்.

"அது அறுநூறு மில்லிமீட்டர். அக்கரையில நிக்கிற யானைக் கண்ணுல ஒட்டின ஈயைப் பிடிக்கலாம். உனக்கு எதுக்குடா? இதப் பாரு. எழுபதுலேர்ந்து முந்நூறு வரைக்கும் போகும். நீட்டலாம், சுருக்கலாம். உன் கைக்கும் அடங்கும்."

"அய்யே! கத்திரிக்காய் மாதிரி இருக்கு!"

"கேளுடா! பெரிசுக்கு ஒரு குணம் உண்டு. பதினஞ்சு அடிக்கு உள்ள எது வந்தாலும் அதுக்குக் கண்ணு தெரியாது!"

சிலும்பன் சிரித்தான். "பதினஞ்சு அடிக்குள்ள எந்தப் பறவை என்கிட்ட வரும் அண்ணாச்சி? நான் கீரி!"

கொம்பையா தலையைச் சொறிந்துகொண்டு பெரியதை எடுத்துக் கொடுத்தார். மனசு கேட்காமல் சின்னதையும் ஒரு இலையில் சுற்றி மேலே வைத்தார்.

வீட்டுக்குப் போகக் குறுக்கு வழி இருந்தது. சிலும்பன் அதில் போகவில்லை. எல்லார் வாசல் வழியாகவும் சுற்றிப் போனான்.

"அடேயப்பா! எவ்வளவு பெரிசு!" என்றது முயல்.

"இனிமே உன்னை யாரும் அடிச்சுக்க முடியாது!" என்றது உடும்பு.

பாதி வழியில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் சிரித்துக்கொண்டே நடந்தான்.

மறுநாள் காலை, அவன் சிநேகிதன் தாண்டவன் வந்தான். தாண்டவன் ஓர் ஆமை. பெரிய லென்ஸைத் தாங்க அவன் முதுகுதான் சரியான இடம். அது உருளாமல் இருக்க, இலையில் சுற்றிய சின்ன லென்ஸை ஆப்பு மாதிரி அடியில் செருகினான் சிலும்பன். தாண்டவனின் நாலு காலும் சேற்றில் இறங்கின.

நாவல் மரத்தடியில் நின்று சிலும்பன் கண்ணை வைத்துப் பார்த்தான். ஒரே ஒரு அலகு தெரிந்தது. சிவப்பாக, பிரமாண்டமாக. கொஞ்சம் திருப்பினான். ஒரு வால் தெரிந்தது.

"மூச்சு விடாதேடா தாண்டவா! படம் ஆடுது!"

"மூச்சு விடாம இருக்க நான் என்ன செத்தா போயிட்டேன்!"

பின்னால் நகர்ந்தால் ஆறு பேரும் அடங்கலாம். ஆனால் பின்னால் அடர்ந்த காரைமுள் புதர். முன்னால் போனால் சத்தியம் போய்விடும். போனாலும் பயனில்லை. அலகுக்குப் பதில் அலகின் நுனிதான் தெரியும்!

"அக்கா! ஒவ்வொருத்தரா தெரியறீங்க. ஒண்ணா தெரியலையே!" என்று கத்தினான். வெயில் ஏறியது. குஞ்சுகள் கிளையில் நிலைகொள்ளாமல் துள்ளின. கடைக்குட்டி ஒரு முறை பறந்துபோய், அதட்டியதும் திரும்பி வந்தது.

நீலாம்பாள் தன் கணவன் மாயாண்டியைக் கேட்டாள். "அவன் மரத்தத் தாண்டினானா?"

"இல்ல. ஒரு நகங்கூடத் தாண்டல."

"அப்ப நாமளே அங்க போயிடுவோம்!"

ஆறு மீன்கொத்திகளும் விர்ரென்று பறந்து வந்தன. நாவல் மரத்தின் தாழ்ந்த கிளையில், கீரிக்கு ஆறே அடி தூரத்தில், வரிசையாக உட்கார்ந்தன.

பிறந்ததிலிருந்து எந்தப் பறவையும் சிலும்பனை நம்பி இவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை. அவசரமாகக் கண்ணை வைத்தான். ஆறு நீலப் புகைகள் தெரிந்தன. திருகினான். புகைதான். தூரத்தைப் பார்க்கப் பிறந்த லென்ஸ், பக்கத்தில் வந்தவர்களைப் பார்க்க மாட்டேன் என்றது. கொம்பையா சொன்னது இப்போதுதான் உறைத்தது.

"அக்கா, நீங்க வரமாட்டீங்கன்னுதானே இத எடுத்தேன்!" என்று சொல்லி, சிலும்பன் விக்கி விக்கி அழுதான்.

அப்போது தாண்டவன் ஓட்டுக்குள்ளிருந்து கத்தினான். "அழுகை அப்புறம் இருக்கட்டும்! காலையிலேர்ந்து என் முதுகுல ஏதோ உறுத்துது. அத முதல்ல எடுடா!"

உறுத்தியது இலையில் சுற்றிய சின்ன லென்ஸ்!

சிலும்பன் பெரியதைச் சேற்றில் இறக்கிவிட்டுச் சின்னதை மாட்டினான். நன்றாகச் சுருக்கினான். ஆறு பேரும் பளிச்சென்று வந்தார்கள். ஒரு குஞ்சு கொட்டாவி விட்டது. ஒன்று அண்ணனை இடித்தது. மாயாண்டி விறைப்பாக நேரே பார்த்தான். நீலாம்பாள் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை, பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிலும்பன் அந்த நொடியில் அழுத்தினான்.

"கிளிக்!"

மறுநாள் கரையில் ஒரே கூச்சல். பெற்றவர்கள் துரத்த, நாலு பிள்ளைகளும் நாலு திசையில் போயின. கடைக்குட்டி மூன்று முறை திரும்பி வந்தது. நாலாவது முறை வரவில்லை.

சாயங்காலம் சிலும்பன், கொம்பையா கழுவிக் கொடுத்த படத்தோடு நாவல் மரத்தடிக்கு வந்தான். நீலாம்பாள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இனிமே உனக்கு இந்த மரத்துக் கட்டுப்பாடு கிடையாது சிலும்பா! எங்க வளை வரைக்கும் வா!" என்றாள்.

"வேணாம் அக்கா!" என்று சிலும்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "என் மனச நம்புறேன். அடுத்த வருஷம் நீங்க முட்டை போட்டிருக்கும்போது என் வயித்த நம்ப மாட்டேன்!"

நீலாம்பாள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சிலும்பன் பெரிய லென்ஸைத் துடைத்துக் கொம்பையாவிடம் திருப்பிக் கொடுக்கப் போனான். இந்த முறை குறுக்கு வழியில் போனான். போவதற்கு முன் மரத்திலிருந்து மீன்கொத்திகளின் பழைய கிளைவரை எவ்வளவு தூரம் இருக்கும் என்று கண்ணால் அளந்து பார்த்தான்; முப்பது அடிகூட இல்லை.

ஊர் வியக்கும் பெரிய கருவியைவிட, தன் கைக்கும் தன் வேலைக்கும் பொருந்துகிற சிறிய கருவியே மேலானது.