தலைமேல் தூக்கிய கை

வைரவர் ஓடி வந்தார். ஐம்பது வயதில் அப்படி ஓடக் கூடாதுதான். ஆனால் நல்ல சேதியை நடந்து கொண்டுவர அவருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் மல்யுத்தம் செய்த உடம்பு மடத்து வாசலில் நின்று மூச்சு வாங்கியது.

உள்ளே அவருடைய குரு அங்கயற்கண்ணி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வைரவரைவிட இருபது வயது இளையவர்.

"அம்மா, ஜெயிச்சுட்டேன். தறி ஓட்டுற முருகையன் இனிமே மகளை அடிக்க மாட்டான்."

"எப்படித் தெரியும்?"

"சத்தியம் பண்ணிட்டான். தெருவே கூடி நின்னுச்சு. செங்கமலம் தலையில கையை வெச்சு, இனி தொட மாட்டேன்னு சொல்லி அழுதுட்டான்மா. எனக்கே கண் கலங்கிடுச்சு."

செங்கமலத்துக்கு ஒன்பது வயது. அவள் முதுகுக் காயத்துக்கு மருந்து போட்டதே வைரவர்தான்.

"முன்னாடியும் சத்தியம் பண்ணியிருக்காரா?"

"போன ஆடியில பண்ணான். அது குடிச்சிட்டுப் பண்ணது. இது நிதானமா."

"அவ அம்மா?"

"கோவிச்சுக்கிட்டுப் போனவ இன்னும் வரலை."

"அக்கம்பக்கம்?"

"அவன் சத்தம் போட்டாலே கதவைச் சாத்திக்குவாங்க. அவங்களே இன்னிக்கு வெளிய வந்துட்டாங்கன்னா பாருங்களேன். அவனும் பாவம்மா. சின்ன வயசுல அவன் அப்பன் கட்டி வெச்சு அடிப்பானாம். அதையும் சொல்லி அழுதான்."

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் கையில் இருந்ததில் வைரவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பிள்ளை இப்ப எங்க?"

"அவன் வீட்லதான். நானே கையைப் பிடிச்சு உள்ள விட்டுட்டு வரேன். ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா."

குனிந்தார். அம்மை கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்து கையைத் தூக்கினார். தூக்கிய கை இறங்கவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு வைரவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் கையைத் தூக்கினதும் நீங்க தலையைக் குனிஞ்சீங்க. அவர் கையைத் தூக்கினப்போ செங்கமலம் என்ன செஞ்சா?"

வைரவர் அந்தக் காட்சியை நினைத்துப் பார்த்தார்.

அவள் கண்ணை இறுக மூடி, இரண்டு முழங்கையாலும் முகத்தை மறைத்துக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று தெருவே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தபடியே அந்தக் கைகளை விலக்கிப் பிடித்துக்கொண்டதும் அவர்தான்.

வைரவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"போய் அவன்கிட்ட என்னம்மா கேட்கட்டும்?"

"அவர்கிட்ட ஒண்ணும் கேட்க வேண்டாம், அவர் சொன்னதெல்லாம் கேட்டாச்சு. பிள்ளையை இங்க கூட்டிட்டு வாங்க. வந்ததைவிட வேகமா ஓடுங்க, நானும் நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் பின்னாலயே வரேன்."

அம்மை தூக்கிய கையை அப்போதுதான் இறக்கினார்.

"அவகிட்ட போறப்ப மட்டும், கையைத் தாழ வெச்சுக்கிட்டு மெதுவாப் போங்க."