சாட்சி சொன்ன கத்திரிச்செடி

அந்த வருஷம் வாடல் நோயில் ஊர்க் கத்திரியெல்லாம் செத்துப்போக, ஜமீன் தோட்டத்தில் ஒரே ஒரு செடி மட்டும் காய்த்துத் தொங்கியது. அசந்துபோன ஜமீன்தார், அந்தச் செடியின் முன்னாலேயே தோட்ட மணியக்காரர் வேலப்பரின் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டார்.

"விதை போட்டதிலிருந்து எல்லாம் என் கைதான், எஜமான்!" என்றார் வேலப்பர்.

தண்ணீர் ஊற்றும் பவளாயிக்குப் பொறுக்கவில்லை. "அது நான் வளர்த்த செடிங்க, எஜமான்."

வேலப்பர் சீறினார். "அந்தச் செடி வந்து உனக்குச் சாட்சி சொல்லுமா? சொல்லலேன்னா இன்னையோட உனக்கு வேலை கிடையாது!"

"சொல்லும் ஐயா. முதல்ல நீங்க சொல்லுங்க. என்ன விதை போட்டீங்க?"

"கத்திரிக்குக் கத்திரி விதைதாண்டி போடுவாங்க!"

பவளாயி குனிந்து அடி இலைகளை விலக்கினாள். தூரிலிருந்து ஒரு கிளை. அதில் கொத்துக் கொத்தாகச் சுண்டைக்காய்! ஜமீன்தார் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மேலே கத்திரிக்காய், கீழே சுண்டைக்காய், ஒரே தண்டு.

"நான் போட்டது சுண்டை விதைங்க. அந்த வேருக்கு வாடல் வராது. தண்டைக் கீறி, கத்திரிக் குருத்தை ஒட்டுக் கட்டினேன். கீழே முளைச்ச சுண்டைக் கிளையைக் கிள்ளிப் போட்டிருக்கணும். மணியக்காரர் குணம் தெரிஞ்சு விட்டு வச்சேன்."

ஜமீன்தார் வேலப்பர் பக்கம் திரும்பினார். வேலப்பரின் கை தானாகச் சங்கிலியின் கொக்கியைத் தேடியது.